ஊர் வேலை பார்த்த கை

சாலாட்சியின் வலது கை அவளை விட்டுப் போன மறுநாள் காலையில், பால் பொங்கும் வாசனை பிடித்து ஈரத்தலையோடு ஓடி வந்த கன்னியம்மா தன் சமையலறையில் கண்டது என்னவென்றால், அந்தக் கை அடுப்பைத் தணித்து, பாத்திரத்தை இறக்கி வைத்து, சிந்திய பாலையும் துடைத்துவிட்டு, மூடியைக் காணோமே என்று அலமாரியில் தடவிக்கொண்டிருந்ததைத்தான். "மூடி மேல்தட்டுல இருக்குது" என்றாள் கன்னியம்மா. கை மேல்தட்டுக்குப் போய் மூடியை எடுத்துப் பாத்திரத்தை மூடியது. அதற்கப்புறம்தான், கையோடு சேர்ந்து வரவேண்டிய ஆளைக் காணோமே என்று கன்னியம்மாவுக்கு உறைத்தது.

யார் கை என்று கேட்க வேண்டியதே இல்லை. சின்ன வயதில் ஆலை கேட்டில் மாட்டி ஒடிந்து, வெளிப்பக்கமாக வளைந்துபோன அந்தச் சுண்டுவிரலை எம்பீனியில் தெரியாதவர் கிடையாது. ஊரில் யாருக்கு எந்த மனு எழுத வேண்டியிருந்தாலும் அந்த விரல்தான் டைப் அடித்துக் கொடுத்திருக்கிறது. மணிக்கட்டோடு ரவிக்கைக் கை முடிகிற மாதிரி சுத்தமாக முடிந்திருந்தது, ரத்தமும் இல்லை, புண்ணும் இல்லை. கண்ணுக்குத் தெரியாத ஒரு பெண் நடந்து போனால் அவள் கை எந்த உயரத்தில் ஆடுமோ அந்த உயரத்தில் ஆடிக்கொண்டு, அடுத்த வீட்டுக்குப் போய், அங்கே அழுதுகொண்டிருந்த பிள்ளைக்கு மூக்கைச் சிந்திவிட்டு, அதற்கடுத்த வீட்டில் வெங்காயம் உரிக்க உட்கார்ந்துவிட்டது.

எம்பீனி தென்னாப்பிரிக்காவில், நேட்டால் கடற்கரையில், கரும்புக்காடு முடிந்து மணல் தொடங்கும் இடத்தில் இருக்கிறது. கரும்பு வெட்டக் கப்பலேறி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் வாழும் ஊர். ஆற்றுக்கு இந்தப்பக்கம் இந்தியர், அந்தப்பக்கம் ஆப்பிரிக்கர், மேட்டில் நல்ல காற்று வரும் இடத்தில் வெள்ளைக்காரர் என்று சட்டம் போட்டுக் கோடு கிழித்திருந்த காலம் அது. மாரியம்மனுக்குத் தீமிதி அங்கே பெரிய வெள்ளிக்கிழமை அன்றுதான். ஏசுநாதரைச் சிலுவையில் அறைந்த நாளுக்கும் மாரியாத்தாளுக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்டதில்லை. தோட்டத்து வெள்ளைக்காரன் அன்றைக்குத்தான் லீவு விட்டான், அம்மனும் சரியென்று ஒத்துக்கொண்டாள், அவ்வளவுதான்.

அந்த வருஷம் அரசாங்கம் இந்தியர்களுக்கென்று தனியாக ஒரு பொம்மைப் பார்லிமென்ட் கட்டி, வாங்க, வந்து உட்காருங்க என்று கூப்பிட்டது. ஆப்பிரிக்கர்களுக்கு அந்த ஓட்டை நாற்காலியும் கிடையாது. ஊரில் முக்கால்வாசிப் பேர் காறித் துப்பினார்கள். வீடும் மனையும் வாங்கி விற்கிற தட்சிணா மூட்லி மட்டும் புது சூட் தைத்துக்கொண்டு, நான் நிற்கிறேன் என்று கிளம்பினார். சாலாட்சி டைப் வேலை பார்த்த அவருடைய ஆபீஸ் ஜன்னலுக்கு அடியில்தான் தீமிதியன்று குண்டு வைத்தார்கள். அன்றைக்கு ஊரில் ஈ காக்காய் இருக்காது, ஒரு உயிருக்கும் சேதம் வராது, மூட்லியின் ஆபீஸ் மட்டும் போகும், செய்தி மட்டும் அரசாங்கத்துக்குப் போகும். மூன்று ஆம்பளைகள் உட்கார்ந்து ராப்பகலாய் யோசித்த யோசனை இது. மூன்று பேருக்கும் தாய் உண்டு, கூடப் பிறந்தவளும் உண்டு. ஊர் முழுக்கக் கோயிலுக்குப் போகிற நாளில் கோயிலுக்குப் போக முடியாதவளும் ஒருத்தி ஊரில் இருப்பாள் என்பது அதில் ஒருத்தன் மண்டையிலும் ஏறவில்லை.

சாலாட்சிக்கு அன்று காலையில்தான் தூரமானது. அவளுடைய அப்பா நல்லதம்பி படையாச்சி காப்புக் கட்டித் தீமிதிக்க விரதம் இருந்தார். காப்புக் கட்டின வீட்டில் தீட்டுக்காரி இருக்கக் கூடாது. வேறு வருஷமாக இருந்தால் விரதமில்லாத சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்புவார்கள். அந்த வருஷம் சொந்தமெல்லாம் விரதத்தில் இருந்தது. அத்தை வீட்டுக் கதவு பாதி திறந்து, விஷயம் தெரிந்ததும் மறுபடி சாத்திக்கொண்டது. "ஆபீஸ் சாவி உங்கிட்டதான இருக்குது? சாயங்காலம் வரைக்கும் அங்க இரு" என்றார் அப்பா, அவள் முகத்தைப் பார்க்காமல். ரொட்டியும் ஊறுகாயும் பேப்பரில் மடித்து எடுத்துக்கொண்டு அவள் போனாள்.

பம்பைச் சத்தம் ஏற ஏற அவளால் உள்ளே உட்கார முடியவில்லை. ஜன்னலைத் திறந்தாள். தூரத்தில் குண்டத்துப் புகை தெரிந்தது. உடம்புதான் போகக் கூடாது, கைக்கு என்ன வந்தது என்று நினைத்தாளோ என்னவோ, வலது கையை வெளியே முழுசாக நீட்டிக் கோயில் இருந்த திசைக் காற்றைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மறுபடி நீட்டினாள். அப்போது கீழே ஜன்னலுக்கு அடியில் யாரோ குந்தியிருந்தது தெரிந்தது. அதே தெருப் பையன் பூபாலன். வாய் நிறைய அக்கா அக்கா என்று கூப்பிட்டு அவள் கையால் எத்தனையோ தரம் வாங்கித் தின்றவன். அவன் நிமிர்ந்து பார்த்தான். மூட்லிக்கு எதிராக நோட்டீஸ் ஒட்ட வந்திருக்கிறான் என்று நினைத்து அவள் சிரித்தாள். "யாரு, பூபாலனா?" என்றாள். அவன் எழுந்து ஓடினான். கூச்சப்படுறான் பாரு என்று நினைத்தவள், நீட்டின கையை உள்ளே இழுக்காமல் அப்படியே நின்றாள், ஏனென்றால் கோயிலில் அப்போதுதான் "தாயே" என்று முதல் சத்தம் எழுந்தது. பிறகு வெடித்தது. உடம்பு உள்பக்கம் விழுந்தது, கை வெளிப்பக்கம் போனது.

ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு ரகசியப் போலீஸ் வந்து யாரைப் பார்த்தாய் என்று நயமாய்ப் பேசிக் கேட்டார்கள், அப்புறம் கடுமையாய்க் கேட்டார்கள். சொன்னால் அவனைத் தூக்கில் போட்டிருப்பார்கள், தூக்குக்குக் கொண்டுபோகும் முன்னே வேறு பலதும் செய்திருப்பார்கள். "யாரையும் பாக்கல" என்றாள். ஊர் என்ன சொன்னது தெரியுமா? டைப் வேலை பாக்கி இருந்துச்சாம், அதான் போனாளாம் என்று சொன்னது. அப்பா சொன்னார், அத்தை சொன்னாள், பூசாரி சொன்னார், சொல்லிச் சொல்லி அவர்களே நம்பியும்விட்டார்கள். யாரும் அவள் அங்கே இருந்ததைப் பார்க்கவில்லை, யாரும் அவளை அங்கே அனுப்பவும் இல்லை. நல்ல கதை!

அதற்குள் கை ஊர்வேலையில் இறங்கிவிட்டிருந்தது. முதலில் கொஞ்சம் சர்ச்சை ஓடியது, ஓடாமல் இருக்குமா? அறுந்த அங்கம் வீட்டுக்குள் வந்தால் தீட்டு உண்டா என்று பூசாரியைக் கேட்டார்கள். கை போகிற வீடுகளில் எல்லாம் அவர் பின்னாலேயே போய்ப் பார்த்துவிட்டு, உயிரோடு இருக்கிறவளின் உயிரோடு இருக்கிற கை, தீட்டே கிடையாது என்று தீர்ப்புச் சொன்னார். தீட்டுக்காரியை வெளியே தள்ளின ஊர், அவள் கைக்கு மட்டும் தீட்டில்லை என்று கண்டுபிடித்தது. அன்று சாயங்காலமே ஒருத்தி அதற்கு மஞ்சள் பூசினாள், ஒருத்தி குங்குமம் வைத்தாள், வளையல் கடைக்காரி நல்ல கண்ணாடி வளையலாகப் பார்த்துப் போட்டுவிட்டாள். கையம்மா என்று பெயரும் வந்துவிட்டது. பிரசவ வலிக்காரிக்கு முதுகு நீவிவிட்டது. பரீட்சைக்குப் போகிற பிள்ளைகளின் தலையைக் கோதியது. ஆற்றைத் தாண்டி அந்தக்கரைக்கும் போனது, பாஸ் இல்லாமல், யாரையும் கேட்காமல். அங்கே தோக்கோசிலே என்கிற தாயின் ரெட்டைப் பிள்ளைகளில் ஒன்றை அவள் குளிப்பாட்டினால் இன்னொன்றைக் கை குளிப்பாட்டியது. போலீஸ் ஒருநாள் அதைப் பிடித்துக்கொண்டு போய் ரேகை எடுத்தது. எல்லா விரலையும் சமர்த்தாக மையில் தொட்டு வைத்துக் கொடுத்துவிட்டு, போகிறபோது மிச்ச மையை சார்ஜெண்டின் கன்னத்தில் தடவிவிட்டுப் போனதாம். அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி எம்பீனி அந்தக் குளிர்காலம் முழுக்கச் சிரித்தது.

ஒரு வீட்டுக்கு மட்டும் அது போகவில்லை. சாலாட்சி இடது கையால் தலை பின்னத் தெரியாமல் தலையை வெட்டிக்கொண்டாள். இடது கையால் சோறு தின்னக் கற்றாள், நாலு பேர் எதிரில் தின்னக் கூசி ஒதுங்கி உட்கார்ந்து தின்றாள். பேசி வைத்திருந்த சம்பந்தம் ஒன்று, சத்தமில்லாமல் வேறு வீட்டுக்குப் போனது. தெருவில் போகிற பெண்கள் அவளைப் பார்த்து நின்று, "இன்னிக்கு கையம்மா எங்க வீட்டுக்கு வந்துச்சு" என்று முகம் மலரச் சொல்வார்கள். வலி எப்படி இருக்கிறது என்று கேட்க மறந்துபோவார்கள். சில நாள் ஜன்னல் வழியாக அது எதிர்வீட்டுக்குள் நுழைவதைப் பார்ப்பாள். அதிகம் போனது எங்கே என்றால், பூபாலன் எல்லை தாண்டி ஓடிப்போனபின் ஒண்டியாகக் கிடந்த அவன் தாய் அஞ்சலையின் வீட்டுக்கு. அங்கே அடுப்பு மூட்டியது, தலை வாரிவிட்டது. சாலாட்சிக்கு வயிறு எரிந்தது. என் கையாடி நீ, என்று கத்தலாம் போல வரும். கைக்குக் காது ஏது?

காலம் மாறியது. சிறைக்கதவுகள் திறந்தன. எல்லா நிறத்து ஜனமும் ஒரே வரிசையில் நின்று ஓட்டுப் போட்ட அன்றைக்குக் கையும் வரிசையில் நின்றது. சாலாட்சி காலையிலேயே இடது கையால் போட்டுவிட்டாள், ஒரு ஆளுக்கு ஒரு ஓட்டுதான் என்று அதிகாரி மறுத்துவிட்டார். அதற்கென்ன ரோஷமா, போய் வரிசையில் நின்ற முதியவர்களுக்கு விசிறியது. அந்த வருஷமே பூபாலனும் திரும்பி வந்தான். கூட யோசனை பண்ணின இரண்டு பேரும் எல்லைக்கு அப்பால் செத்துப்போயிருந்தார்கள். முன்நெற்றி வழுக்கையோடு தெருமுனையில் நின்று, "அக்கா, தெரியாம நடந்துபோச்சு அக்கா" என்றான்.

"தெரியாமலா?" என்றாள் சாலாட்சி.

அவன் பூமியைப் பார்த்தான். அவள் திரும்பி வீட்டுக்குப் போய்விட்டாள்.

அப்புறம் அந்தச் சட்டம் வந்தது. போராட்டக் காலத்தில் அரசியலுக்காகக் குண்டு வைத்தவன், கொளுத்தினவன், சுட்டவன், இந்தப் பக்கத்தானோ அந்தப் பக்கத்தானோ, கமிட்டி முன்னால் வந்து நடந்ததை நடந்தபடி முழுசாகச் சொன்னால் பொதுமன்னிப்பு. ஒன்றை மறைத்தாலும் கிடையாது. வருத்தப்பட வேண்டுமா? வேண்டியதில்லை. அழ வேண்டுமா? வேண்டியதில்லை. இதுதான் எம்பீனிக்கு விளங்கவே இல்லை. "இன்னா சட்டம்டா இது? அழாதவனுக்கு எப்பிடி மன்னிப்பு?" என்று பேக்கரி வாசலில் பேசிக்கொண்டார்கள். சாலாட்சிக்கு மட்டும் அந்தச் சட்டம் யாரோ தன்னைக் கேட்டுக்கொண்டு எழுதினது போல இருந்தது. அவளுக்கு அவன் அழவே வேண்டாம். மேலே நிமிர்ந்து பார்த்தேன், நீ இருந்தாய் என்று ஊர் கேட்க ஒரு வார்த்தை சொன்னால் போதும். இத்தனை வருஷமாக ஊரில் அவள் கை இருக்கிறது, அவள்தான் இல்லை.

விசாரணைக்கு முன்னால் அஞ்சலை வந்து வாசலில் நின்றாள். "உன் கை தெனம் வந்து எனக்குத் தலை வாரி விடுது, சாலாட்சி. அது எம்மவன எப்பவோ மன்னிச்சாச்சு. அப்புறம் உனக்கு மட்டும் ஏம்மா மனசு எறங்கல?"

"அஞ்சலையம்மா, அதுக்குக் கண்ணு கெடையாது. அது பாக்கல. நாந்தான் பாத்தேன்."

"இன்னா பாத்த?"

"உங்க மவனையே கேளுங்க. அவன் அங்க சொல்லட்டும். அவன் சொல்லலைன்னா நான் சொல்ல வேண்டியிருக்கும். சொன்னா அவனுக்கு மன்னிப்பு கெடைக்காது. அந்தப் பாவத்தையும் எந்தலையில கட்டாதீங்கன்னு சொல்லுங்க."

அஞ்சலைக்குப் பாதி புரிந்தது. புரிந்த பாதியே போதுமானதாக இருந்தது, கிழவி திரும்பிப் போய்விட்டாள்.

ஊர் மண்டபத்தில் கல்யாணத்துக்குப் போடுகிற அதே நாற்காலிகளைப் போட்டு விசாரணை நடத்தினார்கள். மேடையில் வயசான வெள்ளைக்கார நீதிபதி தலைவராக, அவருக்கு இருபக்கமும் ஒரு ஆப்பிரிக்க அம்மாளும் ஒரு இளவயது வக்கீலும். ஊர் முழுக்க வந்து நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தது, அந்தக்கரையிலிருந்து தோக்கோசிலேயும் இரட்டையரும் வந்திருந்தார்கள். நல்லதம்பி படையாச்சி மகளுக்குப் பின்வரிசையில் உட்கார்ந்தார். பூபாலன் எழுந்து தன் வாக்குமூலத்தைச் சொன்னான். அன்றைக்குத் தீமிதி, ஊரே கோயிலில் இருந்தது, கட்டடத்தில் யாரும் இல்லை என்று நம்பினோம், என்றான். தன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வக்கீல் சொல்லிக்கொடுத்தபடி வார்த்தை பிசகாமல் சொல்லிவிட்டு உட்கார்ந்தான்.

அவ்வளவுதானா, இதுக்கா போலீஸ்காரன் முன்னால் வாயை மூடிக்கொண்டு கிடந்தேன் என்று சாலாட்சிக்கு நெஞ்சு கொதித்தது. உண்மையைச் சொன்னால் அவன் ஜெயிலுக்குப் போவான், சொல்லாவிட்டால் அவள் செத்தாலும் அந்த ஜன்னலில் நின்றவள் ஆகமாட்டாள். பாதிக்கப்பட்டவர் ஏதாவது கேட்க விரும்புகிறாரா என்றார் தலைவர். அவள் எழுந்தாள்.

"அன்னிக்கு நான் ஏன் அங்க இருந்தேன்னு இவங்க யாரும் உங்ககிட்ட சொல்லலையே, ஐயா. நான் சொல்றேன். டைப் வேலை ஒண்ணும் பாக்கி இல்ல. அன்னிக்கு எனக்குத் தீட்டு. எங்க அப்பா தீமிதிக்கப் போறாரு, வீட்ல நான் இருக்கக் கூடாது. எந்த வீட்லயும் இருக்கக் கூடாது. அதனால அங்க அனுப்பினாங்க."

மொழிபெயர்க்கிறவன் அதை நீதிபதிகளுக்கு எப்படிச் சொல்வது என்று தடுமாறிக் காது சிவக்க நின்றான்; ஆப்பிரிக்க அம்மாளுக்கு முதலில் புரிந்து, அவர் தலைவரிடம் குனிந்து சொன்னார். ஆம்பளைகள் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள். அத்தை சேலைத்தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். சாலாட்சி பூபாலன் பக்கம் திரும்பினாள். "இப்ப நீ சொல்லு. மேல பாத்தியா, இல்லையா?"

பூபாலன் வாயைத் திறந்தான். வக்கீல் அவன் சட்டைக்கையைப் பிடித்தார். அவன் வாயை மூடிக்கொண்டான்.

அப்போதுதான் கை வந்தது. பக்கவாட்டு ஜன்னல் வழியாக வந்தது, வளையல் குலுங்க, மணிக்கட்டில் மஞ்சள் கயிறுகளோடு, தன் வழக்கமான உயரத்தில் ஆடிக்கொண்டு. ஊரே எழுந்து கும்பிட்டது. எழுந்திருக்க வேண்டுமா என்று தெரியாமல் நீதிபதிகளும் பாதி எழுந்து நின்றார்கள். கை யாரையும் தொடவில்லை, நேராகப் பூபாலனிடம் போனது, அவன் தலைக்கு மேலே உயர்ந்தது, உயர்ந்து, உள்ளங்கையைத் திறந்து, கோயில் இருந்த திசைக்கு நீட்டிக்கொண்டு அசையாமல் நின்றது. "தாயே!" என்று ஒருத்தி கத்தினாள். ஆசீர்வாதம், ஆசீர்வாதம் என்று மண்டபம் முழுக்கக் குலவை எழுந்தது, கையம்மாவே மன்னிச்சாச்சு, இனிமே என்ன விசாரணை என்று ஆம்பளைகள் தெம்பாக இருமினார்கள், அஞ்சலை தரையில் விழுந்து கும்பிட்டாள். அது ஆசீர்வாதமில்லை என்று அந்தக் கூட்டத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருத்தி சாலாட்சி. இன்னொருத்தன் அதற்கு நேர் அடியில் உட்கார்ந்திருந்தான், அன்றைக்கு உட்கார்ந்த அதே மாதிரி, தலைக்கு மேல் அதே உயரத்தில் அந்த வளைந்த சுண்டுவிரல்.

பூபாலன் நிமிர்ந்து பார்த்தான். பார்த்தபடியே, சட்டைக்கையைப் பிடித்திருந்த வக்கீலின் விரலை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்துவிட்டான்.

"பாத்தேன் அக்கா" என்றான். குலவை நின்றுபோனது. "இதே மாதிரிதான் இருந்துச்சு. சுண்டுவிரலைப் பாத்ததுமே உங்க கைன்னு தெரிஞ்சுபோச்சு. அப்புறம் முகத்தையும் பாத்தேன். நீங்க சிரிச்சீங்க. என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டீங்க. குண்டை வச்சாச்சு. ஓடுங்கன்னு ஒரு சத்தம் போட நேரம் இருந்துச்சு அக்கா, நெறைய நேரம் இருந்துச்சு. சத்தம் போட்டா மாட்டிக்குவேன்னு ஓடினேன். கரும்புக்காட்டுக்குள்ள நின்னு பாத்தேன். இவங்க உள்ள போயிருப்பாங்க, பின்பக்கமா போயிருப்பாங்கன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். நீங்க அங்கயேதான் நின்னுட்டு இருந்தீங்க. கைய நீட்டிக்கிட்டு நின்னீங்க. அரசியலுக்காகத்தான் வச்சேன். ஆனா ஓடினது அரசியலுக்காக இல்ல. பயந்து ஓடினேன்."

சாலாட்சி உட்கார்ந்துவிட்டாள். அப்பாடா என்று வந்தது, வாய்விட்டே சொல்லிவிட்டாள். கையை நீட்டிக்கொண்டு நின்றாள் என்று ஒருத்தன் சொல்லிவிட்டான். அவள் அங்கே இருந்திருக்கிறாள். கண்ணில் நீர் கொட்டியது, துடைக்கவும் தோன்றாமல், தன் வாழ்நாளில் ஒருநாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள் என்பது போல ஒரு திகைப்போடு அப்படியே உட்கார்ந்திருந்தாள். அவனுக்குப் பிற்பாடு மன்னிப்பு கிடைத்தது, அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், அதற்காக யாரும் பதைக்க வேண்டாம். அன்றைக்கு யாருக்கும் அது தெரியாது. வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டார்.

தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, மன்னிப்பு வழங்குவதைப் பாதிக்கப்பட்டவர் எதிர்க்கிறாரா என்று கேட்டார்.

"எதிர்க்கல" என்றாள் சாலாட்சி. "சட்டம் கேட்டதை அவன் சொல்லிட்டான். நான் கேட்டதும் அதேதான். ஆனா நான் மன்னிச்சேன்னு யாரும் சொல்லிக்கிட்டுத் திரியாதீங்க. அது வேற. அதை நான் இன்னும் யோசிக்கல. கை ஆசீர்வாதம் பண்ணிச்சுன்னு கும்பிட்டீங்களே, அது ஆசீர்வாதம் பண்ணல. அன்னிக்கு நான் கும்பிட்ட கும்பிடு அது. அது என் கை. எங்கிட்ட கேக்காம அதுகிட்ட கேட்டு வாங்கிக்கிட்டுப் போகாதீங்க."

அவள் சொல்லி முடித்ததும் கை பூபாலனின் தலைக்கு மேலிருந்து இறங்கி, வரிசைகளுக்கு நடுவே நடந்து, இத்தனை வருஷத்தில் முதல்முறையாக அவளிடம் வந்தது. வந்து அவள் மடியில் உட்கார்ந்தது. அது ஒட்டிக்கொள்ளும் என்று ஊர் எட்டி எட்டிப் பார்த்தது, ஒட்டிக்கொள்ளவில்லை. அவள் இடது கையால் அதன் வளையல்களை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். மஞ்சள் கயிறுகளைப் பல்லால் கடித்து அறுத்தாள். குங்குமத்தைச் சேலையால் துடைத்தாள். அதை அவள் மனசுக்குள் அந்த நாள் வயசிலேயே வைத்திருந்தாள், கல்யாணம் ஆகவேண்டிய பெண்ணின் கையாக. துடைத்தபின் பார்த்தால் நரம்பு புடைத்து, தோல் சுருங்கி, நகத்தடியில் பல வீட்டு அழுக்கோடு, அவளுடைய இடது கைக்குச் சமமான வயசில் இருந்தது. நீயும் கிழடு தட்டிட்டியா என்று அதை நெஞ்சோடு வைத்துக்கொண்டு அவள் சத்தமாக அழுதாள். யாரும் கிட்டே போகவில்லை. போகக் கூடாது என்று ஒரு தடவையாவது ஊருக்குத் தெரிந்தது.

விசாரணை முடிந்தது, தீர்ப்பைப் பிறகு சொல்லுவோம் என்று தலைவர் எழுந்திருக்கப் போன சமயம், பின்வரிசையில் நாற்காலி கீச்சிட்டது. நல்லதம்பி படையாச்சி மேடைக்கு நடந்து போனார். வருஷா வருஷம் நெருப்பில் நடந்த மனுஷன், அந்தச் சிமெண்டுத் தரையில் விழுந்துவிடுவார் போல நடந்தார். பூபாலன் உட்கார்ந்திருந்த நாற்காலிக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

"ஐயா, நானும் சொல்லணும். நாந்தான் அனுப்பினேன். நாந்தான் பொய் சொன்னேன், டைப் வேலைன்னு. முழுசா சொல்றேன், எதையும் மறைக்காம சொல்றேன். எனக்கும் அந்த மன்னிப்பு வேணும்."

மொழிபெயர்க்கிறவன் சொன்னான். தலைவர் கண்ணாடியைக் கழற்றி, பக்கத்திலிருந்த இருவரையும் பார்த்துவிட்டு, மெதுவாகப் பேசினார். அவர் நல்ல மனுஷர்தான். இந்தச் சட்டம் அரசியல் காரணத்துக்காகச் செய்த குற்றங்களுக்கு மட்டும்தான் என்றார். நீங்கள் செய்தது எந்தச் சட்டத்திலும் குற்றமே இல்லை என்றார். அதனால் அதை மன்னிக்க எங்களுக்கு அதிகாரம் கிடையாது என்றார்.

"குற்றமே இல்லையா?" என்றார் நல்லதம்பி. இரண்டு தரம் கேட்டார். திரும்பி ஊரைப் பார்த்தார். பூசாரி தலையைக் குனிந்துகொண்டார், அத்தையும் குனிந்துகொண்டாள். "அப்ப நான் யார்கிட்ட போயி சொல்றது?"

சாலாட்சி மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். மடியில் இருந்த கையை இடது கையால் பிடித்துக்கொண்டே, காலால் எதிர்நாற்காலியைத் தன் முன்னால் இழுத்துப் போட்டாள்.

"இங்க வந்து உக்காரு, அப்பா" என்றாள். "மொதல்லேர்ந்து சொல்லு."